இப்பதான் வெளியே போனார்

சாவைப் பற்றிய கவலையை மனித குலம் இனித் தன்னிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம் என்று ஜோசியர் அறிவித்தான். மருத்துவமனை கேன்டீனில், மதிய இடைவேளையில், டீ ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னது. குரலில் துளி விளையாட்டு இல்லை.

"இத்தனை ஆயிரம் வருஷமா இது யாருக்கும் பிடிபடலை. ஏன்னா யாரும் ஒழுங்கா எண்ணலை. நான் எண்ணிட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ரத்தப் பரிசோதனைக்காரர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அப்ப என் மாமியாருக்கு எப்பன்னு சொல்லு."

"வயசு, கட்டியோட அளவு, எத்தனை நெறிகட்டிக்குப் பரவியிருக்கு, ஆபரேஷன் தேதி. நாலும் குடுங்க, சொல்றேன்."

"அவங்களுக்குக் கட்டி எதுவும் இல்லப்பா."

"அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார்," என்றான் ஜோசியர், மனதார வருந்தி.

ஜோசியர் என்பது பட்டப்பெயர். ஆள் இன்னும் முப்பதைத் தொடவில்லை என்பதால் பெயரில் உள்ள மரியாதை வினைச்சொல் வரை வருவதில்லை. படித்தது புள்ளியியல். புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் வேலை. குடலில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்பார்களா என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "இது ஜோசியம் இல்லை, நிகழ்தகவு" என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சண்டை போட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் வார்டு நர்சுகள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

மாடலின் முகம் ஒரு கோடு. அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தான். அறுவை முடிந்த அன்று எல்லோரும் கோட்டின் உச்சியில் நிற்பார்கள். ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். முதல் சில வருடங்களில் படிகள் நெருக்கமாக, ஆளைக் கீழே தள்ளிவிடுவதுபோல் இறங்கின. பிறகு இடைவெளி விட்டு இறங்கின. ஏழாம் வருடத்துக்கு மேல் கோடு இறங்கவே மறுத்தது. மேசையில் வைத்த ஸ்கேல் மாதிரி நேராக, காகிதத்தின் ஓரம் வரை போயிற்று. அதற்கு ஜோசியர் 'சமதளம்' என்று பெயர் வைத்தான். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட சாவதே இல்லை.

அறுவைச் சிகிச்சைத் தலைவரான பெரிய டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம கத்தி அப்படிப்பா," என்று சொல்லித் தன் விரல்களை மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற விவரம் ஒரே ஓர் ஆளிடமிருந்து வந்தது. அறையை இரண்டாகப் பிரித்த இரும்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் போன் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் அறுவை நடந்த மாதம் வந்ததும் கம்ப்யூட்டர் அவர் எண்ணைக் காட்டும். அக்கா கூப்பிடுவாள். "ஆஸ்பத்திரியில இருந்து பேசறேங்க. ஐயா எப்படி இருக்காங்க?" வருடத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு கேள்வி. 'உயிரோடு இருக்கிறாரா' என்று மட்டும் அவள் வாயில் வராது. யாரும் எடுக்காவிட்டால் மணி தானாக அடங்கும் வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருப்பாள்.

"முழுசா அடிச்சா உயிர் வந்துடுமாக்கா?" என்று ஜோசியர் அலமாரிக்கு மேலாக எட்டிக் கேட்பான்.

"நீங்க பாத்ரூம்ல இருக்கும்போது போன் வந்ததே இல்லையா தம்பி?"

அவளோடு அவனுக்கு இருந்த ஒரே வழக்கு, குறிப்புகள் பற்றியது. அவன் வருவதற்கு முன் அக்கா ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கதை எழுதி வைத்திருந்தாள். 'குரல் கம்மியிருக்கிறது.' 'பின்னால் டிவி சத்தம் அதிகம், மறைக்கிறார்களோ?' 'பேச்சில் தயக்கம், சந்தேகம்.' அந்தக் கடைசிக் குறிப்புக்குரிய ஆசாமி அடுத்த வாரமே நேரில் வந்து, தனக்குப் புதிதாகப் பல் கட்டியிருப்பதைச் சொல்லி, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். ஜோசியருக்கு அது போதுமாயிருந்தது. குறிப்புகளுக்கான இடத்தையே எடுத்துவிட்டான். இனி இரண்டே எழுத்து. உயிரோடு இருந்தால் 'உ', இல்லையென்றால் 'இ'. நம்பரில் என்ன பதில் வருகிறதோ அது மட்டும். காதில் விழுந்த வதந்தி, கண்ணில் பட்ட போஸ்டர் எதுவும் கூடாது. சொந்தக்காரர் பெயர் வந்தால் அந்த வரியைத் தொடவும் கூடாது. இதையெல்லாம் அச்சடித்து அலமாரியில் ஒட்டினான்.

சொந்தக்காரர் விதி சும்மா போட்டதில்லை. அந்தப் பெயர்களுக்கு நடுவே அவன் மாமாவும் இருந்தார்.

மாமா அதே மருத்துவமனையின் லிப்ட் மெக்கானிக். அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "ஏறினவங்க யாரு நம்ம மாடியில நின்னாங்க?" என்பார். அப்பா போன பிறகு ஜோசியரைத் தோளில் தூக்கி வளர்த்தது அவர்தான். ஆறு வருடத்துக்கு முன்பு, தான் கிரீஸ் போட்ட லிப்டிலேயே ஸ்ட்ரெச்சரில் படுத்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். போகும்போது, "மூணாவது மாடியில லேசா தூக்கிப் போடுது, நாளைக்குப் பார்க்கணும்," என்றார். அவர் போன் எப்போதும் எங்காவது மோட்டார் அறையில் கிடக்கும் என்பதால், மருத்துவமனைப் பதிவில் ஜோசியரின் நம்பர்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

மதியம் மூன்று மணி வாக்கில் அடித்தளத்தில் லிப்ட் கதவு திறக்கும். மாமா ஸ்பேனரோடு வருவார். அக்காவின் பிளாஸ்கிலிருந்து டீ வாங்கிக் குடிப்பார்.

"எப்படி மாமா கரெக்டா லிப்ட் உனக்கு இங்கேயே நிக்குது?"

"சும்மா இருக்கற லிப்ட் நடுவழியில நிக்காதுடா மாப்ளே. தானா ஒரு மாடிக்குப் போய் நின்னுக்கும். அதுக்கு நாங்க வீடுன்னு சொல்வோம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் தரைத்தளத்தை வீடா வைப்பாங்க. நான் இதுக்கு அடித்தளத்தை வெச்சிருக்கேன். இல்லேன்னா இந்தக் குகைக்கு யாரு வருவா?"

சுவரில் இருந்த கோட்டை முதல் தடவை பார்த்தபோது மாமா, "படிக்கட்டா போட்டு வெச்சிருக்கே. லிப்ட் இல்லையா?" என்று கேட்டார். ஜோசியர் விளக்கினான். மாமா சமதளத்தைக் கிரீஸ் விரலால் தொட்டார். கறை விழுந்துவிட்டது.

"நான் எங்க நிக்கறேன்?"

ஜோசியர் நான்கு விவரங்களையும் போட்டான். மாடல் யோசித்தது. "ஆறு வருஷம் தாண்டிட்டதால, பதினஞ்சாவது வருஷம் வரைக்கும் போக எண்பத்தொரு சதவீதம்."

"நான் பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு தாண்டினதே இல்லையேடா!"

அன்று முதல் மாமாவுக்கு எண்பத்தொன்று ஒரு பட்டம் ஆகிவிட்டது. காய்கறிக்காரரிடம் சொன்னார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து சத்தமாகச் சொல்லித் தைரியம் கொடுத்தார். வருடாந்திர ஸ்கேனுக்குத் தேதி வந்தபோது அம்மா, "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடேன்டா தம்பி," என்றாள்.

"எண்பத்தொண்ணு எடுத்தவன் எதுக்குக்கா மறுபடி பரீட்சை எழுதணும்? ஸ்கேனுக்குக் குடுக்கற தண்ணியைக் குடிச்சா வாயெல்லாம் சுண்ணாம்பு. உன் பையனையே கேளு."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அவசியம் இல்லம்மா. இன்னும் ஒரு வருஷம் தாண்டினா சமதளம்," என்றான்.

ஸ்கேன் அட்டை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்துக்குக் கீழே இருந்தது. அதன் மேல் மின் கட்டண ரசீது ஏறியது.

மாடலைப் பற்றிய கட்டுரையை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அதில், உயிரோடு இருப்பவர்களில் மிக மூத்தவரின் வயதைக் குறிப்பிட வேண்டும். ஜோசியர் பெயர்களை வயதுவாரியாக அடுக்கினான். முதலில் வந்த அம்மாளுக்கு நூற்றுப் பதினான்கு. உ. அவருக்குக் கீழே நூற்றெட்டு. உ. அதற்குக் கீழே நூற்றைத் தாண்டியவர்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். எல்லோரும் உ.

டீ ஆறும் நேரம் வரை, குடலில் ஓரடியை வெட்டி எடுத்தால் மனிதனுக்குச் சாவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டதாகவே ஜோசியர் நம்பினான். பிறகு பட்டியலில் பக்கத்துத் தெரு முகவரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுந்து போனான்.

அது ஓய்வு பெற்ற பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரின் வீடு. மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஆண் செருப்பு, முன்பக்கம் படிக்கட்டைப் பார்த்து, போட்டுக்கொண்டு கிளம்பத் தோதாக இருந்தது. வாத்தியாரின் மனைவி கதவைத் திறந்தாள். நரைத்த தலையை இறுக்கி வாரியிருந்தாள்.

"வாத்தியார் இருக்காரா?"

"இப்பதான் வெளியே போனார்."

"எப்ப வருவார்?"

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிது என்று தெரிந்தது. "நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன்."

"போன் பண்ணுமே ஒரு பொண்ணு. அதுக்கு உடம்பு சரியில்லையா?"

"அக்கா நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு."

உள்ளே வரச் சொன்னாள். ஆணியில் ஒரு விசில் தொங்கியது. கயிறு வெளுத்திருந்தது, விசில் பளபளவென்று இருந்தது. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவன் உட்காரப் போனபோது, "அதுல வேண்டாம், இதுல உக்காருங்க," என்றாள். அவன் மாறி உட்கார்ந்தான்.

"அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு," என்றாள்.

ஜோசியர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

"பைத்தியம்னு நினைக்காதீங்க. பென்ஷன் ஆபீஸ்ல சொல்லியாச்சு. பேங்க்ல சொல்லியாச்சு. எல்லாருக்கும் சர்டிபிகேட் குடுத்தாச்சு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லலை."

"ஏம்மா?"

"வர்றவங்க எல்லாம் என்னைத்தான் எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க. அவரை யாரு கேக்கறா? அந்தப் பொண்ணு ஒருத்திதான். வருஷத்துக்கு ஒரு நாள், அவர் பேரைச் சொல்லி, எப்படி இருக்காங்கன்னு கேக்குது. நல்லா இருக்கார், இப்பதான் வெளியே போனார்னு சொல்றேன். சொல்லிட்டு வெச்சதும், அன்னைக்குப் பூரா, நிஜமாவே எங்கேயோ கடைக்குப் போயிருக்கற மாதிரி இருக்கும்." சேலையில் இல்லாத நூலைப் பிரித்தாள். "செத்துட்டார்னு சொல்லியிருந்தா அடுத்த வருஷம் கூப்பிட்டிருப்பீங்களா?"

"மாட்டோம். அந்த வரியை மூடிடுவோம்."

"அதான்," என்றாள்.

மறுநாள் கேன்டீனில் ஜோசியர் இதை நடித்தே காட்டினான். சேலைத் தலைப்புக்குப் பதில் மேசை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லா இருக்கார்... இப்பதான் வெளியே போனார்..." என்று இழுத்தான். ரத்தப் பரிசோதனைக்காரர் சிரித்துப் புரையேறினார். "இவங்களை நம்பித்தான் சார் நான் சமதளம் கட்டியிருக்கேன். அது சமதளமே இல்லை, ஆவிங்க வாக்கிங் போற பார்க்!" பக்கத்து மேசை நர்சுகளுக்காக இன்னொரு முறை நடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் முறை இன்னும் நன்றாக வந்தது.

போன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீழே வந்ததும் அவளிடம் கேட்டான்.

"உங்களுக்குச் சந்தேகம் வரலையாக்கா?"

"வந்துது. சந்தேகத்துக்குத்தான் நீங்க எடம் வெக்கலையே."

"நீங்க பல்லு கட்டினவரையே சந்தேகப்பட்ட ஆளு."

"அதுவும் சரிதான்," என்று அக்கா ஒப்புக்கொண்டு அடுத்த நம்பரைச் சுற்றினாள்.

ஜோசியர் புது விதி அச்சடித்தான். நோயாளியின் குரலை நேரில் கேட்டால் மட்டுமே உ. 'வெளியே போனார்', 'தூங்குகிறார்', 'குளிக்கிறார்' ஆகியவை பதில் ஆகா. மரணப் பதிவு அலுவலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினான். மூன்று முறை நேரிலும் போனான். சம்பந்தப்பட்ட அதிகாரி இப்போதுதான் வெளியே போனார் என்றார்கள்.

வேறு வழியில்லாமல் சமதளத்து ஆட்களை அவனே வீடுவீடாகப் போய்ப் பார்த்தான். சிலர் நிஜமாகவே இருந்தார்கள். அதில் ஒருவர் அவனைச் செஸ் விளையாட உட்கார வைத்துவிட்டார். மற்ற வீடுகளில் கதவு திறந்ததுமே தெரிந்துவிடும். ஒரு மகன், "அப்பா மாடியில இருக்கார்," என்றான். வீட்டுக்கு மாடி இல்லை. ஒரு பெண், "அம்மாவால இப்பப் பேச முடியாது," என்றாள். அது பொய் என்று சொல்ல முடியாது. யாரும் அவனை ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை. அவன் திரும்பி நடக்கும்போது, படியிறங்கும் வரைக்கும் கதவைச் சாத்தாமல் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அறையில் ஏதோ ஒன்று மாறிவிட்டது. அலமாரிக்கு அந்தப் பக்கம் அக்கா, "ஐயா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. முன்பெல்லாம் அது அவன் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அந்த இடைவெளிக்குள் ஒரு ஆணி, ஒரு விசில், உட்காரக் கூடாத ஒரு நாற்காலி எல்லாம் இருந்தன. சுவரில் சமதளத்தைப் பார்த்தால், நீளமான கோட்டின் மேல் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, கடைக்குக் கிளம்பிய வாக்கில் அப்படியே நிற்பதாகத் தோன்றியது. நடுவில் மாமாவின் கிரீஸ் விரல் ரேகை.

ஆவிகளை இறந்தவர்கள் கணக்கில் சேர்த்து மாடலைத் திரும்ப ஓட்டினான். சமதளம் காணாமல் போயிற்று. படிகள் காகிதத்தின் ஓரம் வரை, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல் இறங்கின.

பெரிய டாக்டர் புதுக் கோட்டைப் பார்த்தார். "அப்ப என் கத்தி?"

"கத்தி அதேதான் டாக்டர். கோடுதான் வேற."

கடைசியாக மாமாவின் விவரங்களைப் போட்டான். ஒரு எண்ணை இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்து நான்கு என்று வந்தது. மாமா நேற்றுப் பார்த்த அதே மாமாதான். ஒரு கட்டியும் கூடவில்லை, ஒரு நெறியும் கட்டவில்லை. முகம் தெரியாத யார்யாரோ எப்போதோ செத்ததால் மாமாவுக்கு இருபத்தேழு குறைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமா பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். பழைய ஓட்டைக்கும் புது ஓட்டைக்கும் நடுவே நல்ல தூரம்.

"மாமா, ஸ்கேனுக்குப் போயிட்டு வந்துடலாமா?"

மாமா சுத்தியலை நிறுத்தினார். "என்னடா மாப்ளே, மார்க் குறைஞ்சிடுச்சா?"

அடுப்படியில் அம்மா குழாயை மூடினாள்.

"சேச்சே. அதே எண்பத்தொண்ணுதான்," என்றான் ஜோசியர். "சும்மா. எனக்கு ரெக்கார்டுக்கு வேணும்."

"உனக்காக அந்தச் சுண்ணாம்பைக் குடிக்கறேன் போ. பதிலுக்கு நீ எனக்கு ஒரு பெல்ட் வாங்கித் தரணும்."

ஸ்கேனில் ஈரலில் மூன்று இடத்தில் இருந்தது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே பார்த்திருந்தா..." என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அதை எந்த டாக்டரும் முடித்ததாக ஜோசியருக்குத் தெரியாது. அவன் முடித்துக்கொண்டான், வீடு வரைக்கும், பல விதமாக.

மாமா கடைசிவரை அவனுக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, கன்னம் ஒட்டிப் போய், "நூறு பேர்ல எண்பத்தோரு பேர் பொழைப்பாங்கன்னா பத்தொன்பது பேர் போயாகணும்ல? அப்பதானே உன் கணக்கு நிக்கும்? அந்தப் பத்தொன்பதுல நான் ஒருத்தன். உன் மெஷின் தப்பு பண்ணலைடா. அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே," என்றார்.

எண்பத்தொன்று என்ற எண்ணே இப்போது இல்லை என்று சொல்ல ஜோசியர் வாயைத் திறந்தான். மாமா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய மார்க்குகளில் அது ஒன்றுதான் பெரியது.

"ஆமா மாமா," என்றான். "பத்தொன்பதுல ஒருத்தர்."

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் மாமா.

ஒரு சாதாரண புதன்கிழமை மதியம் போனார். மருத்துவமனையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். ரத்தப் பரிசோதனைக்காரர் நாற்காலிகளை இறக்கி வைத்தார். போன் அக்கா அம்மாவின் பக்கத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். தொழிலில் அவ்வளவு பேசுகிறவள் என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமாவின் கிரீஸ் படிந்த ஷூ வாசலில் இருந்தது. அதை யார் எடுத்து வைப்பது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. ஒருநாள் கவனித்தபோது அதன் முன்பக்கம் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அம்மாவிடம் அவன் கேட்கவில்லை.

மாமாவின் வரியில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஜோசியர் மாற்றவில்லை. சொந்தக்காரர் வரியைத் தொடக் கூடாது என்பது விதி. தான் போட்ட விதி ஒன்றுக்கு அவன் நன்றியோடு இருந்தது அதுவே முதல் முறை.

மதியம் மூன்று மணிக்கு என்றில்லை, எப்போது சும்மா இருந்தாலும் லிப்ட் அடித்தளத்துக்கு வந்தது. மணி அடிக்கும். கதவு திறக்கும். உள்ளே விளக்கு எரியும், ஆள் இருக்காது. யாரோ மெதுவாக இறங்கி வர நேரம் கொடுப்பதுபோல் கொஞ்சம் நிற்கும். பிறகு மூடிக்கொள்ளும். முதல் சில நாட்கள் ஜோசியர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கினான். பிறகு தலையைத் தூக்காமல் இருக்கப் பழகினான். இரண்டுக்கும் ஒரே அளவு சிரமம்தான்.

புதிதாக வந்த மெக்கானிக், ஒல்லியான ஆள், ஒருநாள் எட்டிப் பார்த்தார். "சார், முன்னாடி இருந்தவர் அடித்தளத்தை வீடா செட் பண்ணிட்டுப் போயிருக்கார். மேல எல்லாரும் திட்டறாங்க, லிப்ட் எப்பப் பார்த்தாலும் கீழேயே வந்து நிக்குதுன்னு. மாத்திடவா?"

"கீழேயும் ஆளுங்க இருக்கோமே," என்றான் ஜோசியர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருக்கட்டும்."

அலமாரிக்கு அந்தப் பக்கம் அக்கா டயல் செய்துகொண்டிருந்தவள், ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள்.

மாமாவுக்கு அறுவை நடந்த மாதம் வந்தது. அன்று காலையிலிருந்தே ஜோசியருக்கு அது நினைவில் இருந்தது. கம்ப்யூட்டருக்கும் இருந்தது. மதியம் லிப்ட் வந்து, மணி அடித்து, கதவைத் திறந்தது. அதே நேரத்தில் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் அவனுடைய அறையின் நம்பரே வந்தது. அவன் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா பாதியில் வைக்கிறவள் இல்லை.

எடுத்தான்.

"வணக்கம். ஆஸ்பத்திரியில இருந்து பேசறேங்க." குரல் அலமாரிக்கு மேலாக ஒரு தடவையும் காதுக்குள் ஒரு தடவையும் கேட்டது, காதுக்குள் வந்தது கொஞ்சம் தாமதமாக, வெகு தொலைவிலிருந்து வந்ததுபோல் இருந்தது. "ஐயா எப்படி இருக்காங்க?"

சுவரில் புதுக் கோடு இருந்தது. பழையதை எடுத்துவிட்டிருந்தான். கிரீஸ் விரல் ரேகை இருந்த துண்டை மட்டும் வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான்.

"நல்லா இருக்கார்," என்றான்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். அவன் அச்சடித்து ஒட்டிய விதிதான், வரி மாறாமல், குரல் மாறாமல் கேட்கப்பட்டது. "ஐயாகிட்ட ஒரு வார்த்தை பேச முடியுங்களா?"

லிப்ட் கதவு இன்னும் திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பிறகு அது மெதுவாக மூடிக்கொண்டது.

"இப்பதான் வெளியே போனார்க்கா."

இந்தத் தடவை அந்தப் பக்கம் காகிதம் புரளவில்லை.

"சரிங்க," என்றாள் போன் அக்கா. "வந்ததும் விசாரிச்சதா சொல்லுங்க. அடுத்த வருஷம் கூப்பிடறேன்."

அலமாரிக்கு அப்பால் ஒரே ஒரு விசை தட்டப்படும் சத்தம் கேட்டது. ஜோசியர் எட்டிப் பார்க்கவில்லை.